180 பழைய கணினிகள்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

கேள்வி: எனக்கு வயது 64. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய கணினிகளைச் சேர்த்து வருகிறேன். இப்போது சுமார் 180 இயந்திரங்கள் இருக்கின்றன. காமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினி மட்டுமே ஏழு. வீட்டில் இரண்டு அறைகள், கார் நிறுத்துமிடம், வாடகைக் கிடங்கு என்று நான்கு இடங்களில் பரவிக் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு சிறிய வீட்டுக்குக் குடிபோகிறோம். ஒரு மானிட்டரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து கிடங்குப் பக்கமே நான் போகவில்லை. மகனுக்கு இதில் ஆர்வம் இல்லை. மனைவி எதுவும் சொல்வதில்லை. ஒரு வியாபாரி எல்லாவற்றையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். ஒரு தொழிற்சாலையில் ஓடிய ஐபிஎம் பிசி, அதனோடு வந்த கையெழுத்துப் பதிவேடு, அதன் பிளாப்பிப் பெட்டி ஆகிய மூன்று மட்டும் போதும் என்றார்கள். என்னுடைய ஆப்பிள் லிசாவைக் கேட்கவே இல்லை. கொடுத்தால் பின்னால் வருந்துவேனோ என்று பயமாக இருக்கிறது. கொடுக்காவிட்டால் இவை என்ன ஆகுமோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதியைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் வியாபாரிக்கு மொத்தமாக வேண்டாம், அவசரமாகவும் வேண்டாம். உங்கள் கையில் ஏறக்குறைய ஓராண்டு இருக்கிறது. எது எங்கே போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, உங்கள் கையாலேயே கொடுங்கள். உங்களைத் தவிர வேறு யாராலும் இதைச் சரியாகச் செய்ய முடியாது. நான் இப்படிச் சொல்வதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

பழைய மின்னணுப் பொருள்களைப் பராமரிப்பது என் தொழில். அருங்காட்சியகத்துக்கு வரும் கணினிகளைப் பிரித்துச் சுத்தம் செய்கிறேன். ஓட வைக்க முடிந்தால் ஓட வைக்கிறேன், முடியாவிட்டால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன். சேகரித்தவர் காலமான பிறகு, 'இதையெல்லாம் என்ன செய்வது?' என்று குடும்பத்தார் கேட்டு அழைக்கும் வீடுகளுக்கும் போயிருக்கிறேன். பெரும்பாலும் அங்கே இயந்திரங்கள் ஒரு மூலையில் இருக்கும், கீபோர்டுகள் ஒரு பெட்டியில் இருக்கும், பவர் சப்ளைகள் ஒன்றோடொன்று சிக்கி இன்னொரு பெட்டியில் கிடக்கும். எது எதனுடையது என்று அறிந்த ஒரே மனிதர் இப்போது இல்லை. ஓடுகிறதா என்று பார்க்கலாமே என ஒருவர் நல்லெண்ணத்தோடு ஓர் அடாப்டரை எடுத்து, முனை பொருந்துகிறது என்பதற்காக அதைச் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற 1980களின் வீட்டுக் கணினியில் செருகியிருப்பார். ஸ்பெக்ட்ரமுக்கு வேண்டியது 9 வோல்ட்தான். ஆனால் அதன் முனையில் நடுப்பகுதி எதிர்மின், வெளிவளையம் நேர்மின். இன்று வழக்கத்தில் உள்ள அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்குத் தலைகீழ். நாற்பது ஆண்டுகள் தாங்கிய இயந்திரம் அந்த ஒரு நொடியில் போய்விடும். உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதில் அவர் குற்றமும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தது இன்னும் எந்தப் பெட்டியின் மேலும் எழுதப்படவில்லை.

அடுத்து, கிடங்கு. 'கொடுக்காமல் வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும்' என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிறது. சேகரிப்பவர்கள் எல்லோரிடமும் அது உண்டு. நாம் தொடாமல் விட்டாலும் இந்த இயந்திரங்கள் உள்ளுக்குள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த 286, 386 வகைப் பிசிகளின் மதர்போர்டுகளிலும் (முதன்மைப் பலகைகள்), காமடோரின் அமிகா 2000, அமிகா 500 பிளஸ் போன்ற கணினிகளிலும், கடிகாரம் நிற்காமல் இருக்க ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பலகையிலேயே சால்டர் செய்திருப்பார்கள். பெரும்பாலும் அது ஒரு சிறிய பீப்பாய் போல இருக்கும். அப்படி ஒரு பலகையைத் திறந்தால், பேட்டரியின் முனைகளில் முதலில் வெள்ளைப் பொருக்கு தெரியும். அதைச் சுற்றியுள்ள சால்டர் புள்ளிகள் பளபளப்பை இழந்து சாம்பல் நிறமாகியிருக்கும். ஒரு விரல் அகலம் தள்ளிப் பார்த்தால் பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்புத் தடம் கறுத்து ஓடுவது தெரியும். ஊசியால் மெல்லத் தொட்டால் தடம் துகளாக உதிரும். கசிந்த காரம் தடத்தின் வழியாகவே ஊர்ந்து போகும். அருகிலுள்ள சிப் சாக்கெட்டின் கால்கள் வரை அது போய்விட்டால், ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை பல வாரங்களுக்கு இழுக்கும். இவ்வளவும் இயந்திரத்தை ஒரு முறைகூட இயக்காமல், இருட்டில், பெட்டிக்குள் நடப்பது.

ஆகவே எதைக் கொடுப்பது, எதை வைப்பது என்று யோசிக்கத் தொடங்கும் முன்பே பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். முதுகு வலியோடு நீங்கள் குனிய வேண்டாம். சால்டரிங் தெரிந்த ஓர் இளைஞரை அழைத்து உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கழற்றச் சொல்லி, பேட்டரியின் கால்களை வெட்டுக் குறட்டால் வெட்டச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட பஞ்சால் காரத்தைச் சமன் செய்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்த வேண்டும். ஆப்பிளின் மெக்கின்டாஷ் எஸ்இ/30 போன்ற கணினிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. அது உறையில் செருகித்தான் இருக்கும், கழற்றுவது எளிது. அது வெடித்துக் கசிந்தால் பலகையோடு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தையும் துருவாக்கிவிடும். இந்த ஒரு வேலையை முடித்துவிட்டால், அதன்பின் நீங்கள் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் இயந்திரங்களுக்கு நன்மைதான்.

'ஓடும் நிலையில் உள்ளது' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கிடங்கிலிருந்து எடுத்த இயந்திரத்தை அப்படியே மின்சாரத்தில் செருகாதீர்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஐபிஎம் பிசி 5150 போன்றவற்றில் உள்ள டான்டலம் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்கள்) நெடுநாள் ஓய்வுக்குப் பிறகு குறுக்குச் சுற்றாகி எரிவதுண்டு. பிபிசி மைக்ரோ போன்ற கணினிகளின் பவர் சப்ளையில், மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டரின் உறை வெடித்து ஈரம் புகுந்திருந்தால், சில நிமிடங்களில் அறை முழுவதும் புகை மண்டும். காமடோர் 64-இன் பவர் சப்ளையோ பிசின் ஊற்றி மூடப்பட்ட கட்டி. அதில் 5 வோல்ட் தர வேண்டிய பகுதி கெட்டால் கூடுதல் மின்னழுத்தம் உள்ளே போய் நினைவகச் சிப்புகளைச் சுட்டுவிடும். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, ஒரு சுமையைப் பொருத்தி, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே பலகையோடு இணைக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சொல்லை மதிப்பார்கள்.

பேட்டரி வேலை நடக்கும்போதே பட்டியலும் போடலாம். அழகான அட்டவணை வேண்டியதில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு அட்டை போதும். அதில் பெயர், வரிசை எண், எங்கிருந்து யாரிடம் வாங்கினீர்கள், அங்கே அது என்ன வேலை செய்தது, என்னென்ன பழுது நீக்கினீர்கள், இதோடு சேர வேண்டிய பவர் சப்ளை, கீபோர்டு, கேபிள், பிளாப்பி எவை என்று எழுதி வையுங்கள். அட்டையில் போட்ட அதே எண்ணைப் பவர் சப்ளையிலும் கீபோர்டிலும் ஒட்டுங்கள். எழுதுவது சிரமமாக இருந்தால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், வேறொருவர் பிறகு அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். யாரிடம் வாங்கியது, என்ன வேலைக்குப் பயன்பட்டது என்ற அந்த இரண்டு வரிகளை எந்த வல்லுநராலும் பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அருங்காட்சியகத்தின் பதிலுக்கு வருகிறேன். உங்கள் மனம் புண்பட்டிருப்பது வரிகளில் தெரிகிறது. அவர்கள் உங்கள் சேகரிப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. காமடோர் 64 ஒரு கோடிக்கும் அதிகமாக விற்ற இயந்திரம். கணினிகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றில் அது இல்லாமல் இருப்பது அரிது. 1983-இல் வந்த லிசா அரிதுதான், ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கக்கூடும். தொழிற்சாலையில் ஓடிய அந்த ஐபிஎம் பிசியின் கதை வேறு. அதைப் போன்ற பெட்டி ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் அதை இயக்கியவர்கள் நாள்தோறும் எழுதிய பதிவேடும், அவர்களே எழுதிய நிரல்கள் உள்ள பிளாப்பிகளும், அவை ஓடிய அதே இயந்திரமும் ஒன்றாக இருப்பது உலகில் ஒரே இடத்தில், உங்கள் வீட்டில் மட்டும்தான். பழம்பொருள்களைப் பாதுகாக்கும் துறையில் இருப்பவர்கள் தேடுவது இதைத்தான். நீங்கள் சாதாரணம் என்று நினைத்ததை அவர்கள் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். தயங்காமல் கொடுங்கள், மூன்றையும் பிரிக்காமல் கொடுங்கள். பட்டியல் முடிந்ததும் மறுபடியும் எழுதி, இப்படிப் பின்னணி உள்ள வேறு பொருள்கள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். கேட்காமல் பெட்டிகளை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கொடுக்கும்போது 'என் பெயரில் தனி அறை', 'நிரந்தரமாகக் காட்சியில் வைக்க வேண்டும்' போன்ற நிபந்தனைகளைப் போட வேண்டாம். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வருவது இருப்பில் சிறு பகுதிதான். மீதி பெட்டகங்களில், ஈரமும் வெப்பமும் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் அறைகளில் இருக்கும். பழைய பிளாஸ்டிக்குக்கும் காந்தத் தட்டுக்கும் அதுதான் நல்ல இடம். நிபந்தனைக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதன் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: 'எதிர்காலத்தில் உங்களுக்கு இது வேண்டாம் என்று முடிவானால் என்ன செய்வீர்கள்? எனக்கோ என் குடும்பத்துக்கோ, இன்னொரு பொது நிறுவனத்துக்கோ முதலில் தருவீர்களா?'

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டிலில் 'லிவிங் கம்ப்யூட்டர்ஸ்' என்ற அருங்காட்சியகத்தை நடத்தினார். பழைய பெருங்கணினிகளை ஓடும் நிலையில் வைத்து, வருகிறவர்களையே தொட்டு இயக்க விட்ட அருமையான இடம் அது. 2012-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2018-இல் ஆலன் காலமானார். 2020-இல் பெருந்தொற்றின்போது மூடிய கதவு பிறகு திறக்கவே இல்லை. இனித் திறக்கப்போவதில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள், ஆலனின் சேகரிப்பில் ஒரு பகுதி கிறிஸ்டிஸ் ஏலத்துக்குப் போனது. பணத்துக்கோ வல்லுநர்களுக்கோ அங்கே குறை இருந்ததில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கே இந்த நிலை என்றால், நமக்குப் பிறகு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் விட்டுவிட முடியாது.

வியாபாரி சொல்வதை நான் முழுவதுமாகத் தள்ளவில்லை. ஒரே நாளில் இடம் காலியாகிவிடும், அந்த நிம்மதி சிறியதல்ல. ஆனால் மொத்தமாக வாங்குபவர் பெரும்பாலும் எளிதில் விலை போகும் சிலவற்றை மனத்தில் வைத்துத்தான் விலை சொல்கிறார். மீதியை வைத்திருக்க அவருக்கும் இடம் வேண்டுமே! அவை பிரிக்கப்படும். ஐபிஎம்மின் பழைய டெர்மினல்களுக்கு, அதாவது பெருங்கணினியோடு இணைத்துப் பயன்படுத்திய திரை-கீபோர்டு தொகுப்புகளுக்கு, நேர்ந்த கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றின் கனமான கீபோர்டுகளுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. கீபோர்டு ஒரு கைக்குப் போகும், திரையும் பெட்டியும் குப்பைக்குப் போகும். அந்த டெர்மினலுக்கு வேறு கீபோர்டு பொருந்தாது, ஆகவே யாராவது பின்னால் அதைக் காப்பாற்ற நினைத்தாலும் முடியாது. பழைய பீங்கான் சிப்புகளில் இருக்கும் பொன்முலாமுக்காக நல்ல பலகைகளையே கரைப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே இப்போது அவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிடாமல் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று மட்டும் சொல்லி வையுங்கள். கடைசியில் அவர் உதவக்கூடும்.

அருங்காட்சியகத்துக்குப் போகாதவற்றில் பெரும்பகுதிக்குச் சரியான இடம், அதே இயந்திரத்தைப் பழுது நீக்கி ஓட்டும் தனி மனிதர்கள்தான். இத்தனை ஆண்டுகளில் உதிரிப் பாகம் கேட்டும், சந்தேகம் கேட்டும் உங்களோடு பேசிப் பழகியவர்கள் இருப்பார்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள். யார் வாங்கியதை வாங்கியபடி அடுக்கி வைக்கிறார், யார் ஒரு வாரத்துக்குள் திறந்து பார்த்துவிடுகிறார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாமவருக்குக் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுப்பது என் கணக்கில் நஷ்டமில்லை. எதையும் தொகுப்பாகவே கொடுங்கள். இயந்திரம், அதன் கீபோர்டு, அதன் பவர் சப்ளை, அதன் பிளாப்பித் தட்டுகள், கையேடு, நீங்கள் எழுதிய அட்டை எல்லாம் ஒரே பெட்டியில் போகட்டும். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ள முதல் ஆளை அனுமதித்தால், மிச்சத்தைப் பிறகு யாரும் சீண்ட மாட்டார்கள். ஏலம் லிசா போன்ற ஒன்றிரண்டுக்குப் பொருந்தும். முதலில் வந்த லிசாவின் பிளாப்பி இயக்கிகளை ஆப்பிளே பிறகு சோனி இயக்கிகளாக மாற்றிக் கொடுத்ததால், பழைய இயக்கியோடு தப்பிப் பிழைத்தவை மிகச் சில. உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் விசைகள் வேலை செய்யவில்லை என்றால் கலங்க வேண்டாம். விசைக்கு அடியில் இருக்கும் நுரைப்பஞ்சு வட்டுகள் வயதாகி உதிர்ந்திருக்கும், புதிய வட்டுகள் வைத்துச் சரிசெய்ய முடியும்.

மஞ்சளேறிய பெட்டிகளைக் கொடுக்கும் முன் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வேண்டாம். பல நேரங்களில் நிறம் மறுபடியும் திரும்புகிறது, திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டால் அதைச் சரிசெய்யவும் முடியாது. வாங்குபவர் விருப்பப்பட்டால் செய்துகொள்ளட்டும்.

எதை வைத்துக்கொள்வது? ஓர் எண்ணைச் சொல்லுங்கள் என்று நேரில் கேட்பவர்களிடம் நான் எண் சொல்வதில்லை. புது வீட்டில் ஒரு இயந்திரத்தை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருந்தால் அது அதிகம் என்று சொல்வேன். உங்கள் முதுகை நினைத்தால் இடுப்பு உயரத்துக்குக் கீழேயும் தோளுக்கு மேலேயும் எதுவும் இருக்கக் கூடாது. அந்த அளவுக்குள் எவை என்று தீர்மானிக்க, ஒவ்வொன்றின் முன்னும் நின்று கேட்டுப் பாருங்கள்: இது நாளைக்குக் கெட்டுப்போனால் உட்கார்ந்து பழுது பார்ப்பேனா? 'பார்ப்பேன்' என்று மனம் உடனே சொன்னால் அது உங்களோடு வரட்டும். 'யாராவது பார்க்க வேண்டுமே' என்று தோன்றினால், அந்த யாராவது ஒருவரிடம் அதைச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. விலைமதிப்பும் அரிதான தன்மையும் இந்தக் கேள்வியில் வர வேண்டாம். உங்கள் முதல் கணினி சாதாரணமானதாக இருக்கலாம், ஓடாமலும் இருக்கலாம். அது உங்களோடு இருப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஏழு காமடோர்களை 'உதிரிக்காக' வைத்திருப்பதாகச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். உதிரி என்பது சோதித்துப் பார்த்துப் பெயர் எழுதி வைத்த சிப். சோதிக்காத ஐந்து இயந்திரங்கள் வெறும் ஐந்து சந்தேகங்கள்தான். ஒலிக்கான சிட் சிப்பும் படத்துக்கான விக் சிப்பும் இப்போது தயாராவதில்லை, பலர் அவற்றுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அவர்களுக்குக் கொடுத்தால் இன்னும் ஐந்து வீடுகளில் அவை ஓடும்.

பழைய கணினியைப் போலவே இன்றைய கணினியில் நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருள் இருக்கும்போது இயந்திரம் எதற்கு என்று மற்றவர்கள் உங்களிடம் கேட்டிருப்பார்கள். நிரலை ஓட்டுவதற்கு எமுலேட்டர் பெரும்பாலும் போதும் என்பதே என் கருத்து. ஆனால் விசையின் அழுத்தமும், படக்குழாயில் எழுத்து மங்கி மறையும் விதமும், தட்டு சுழலும் ஓசையும் அதில் வராது. அந்த அனுபவத்துக்காக ஒவ்வொரு வகையிலும் சில இயந்திரங்கள் எங்காவது உயிரோடு இருந்தால் போதும். எல்லாமே உங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

பிளாப்பிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் காலம் மிகக் குறைவாக இருக்கிறது. இயந்திரத்தைப் பின்னால் பழுது நீக்கிக்கொள்ளலாம். தட்டின் காந்தப் பூச்சு உதிர்ந்துவிட்டால் அதில் இருந்தது போனது போனதுதான். கடையில் வாங்கிய பிரபலமான மென்பொருள்கள் பெரும்பாலும் எங்காவது பாதுகாக்கப்பட்டிருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது கையால் பெயர் எழுதிய தட்டுகளை. யாரோ எழுதிய கணக்கு நிரல், ஒரு பள்ளி மாணவர் செய்த விளையாட்டு, ஒரு நிறுவனம் தன் உள்வேலைக்காக எழுதியது எல்லாம் அவற்றில்தான் இருக்கும். தட்டை ஒளியில் சாய்த்துப் பாருங்கள். வெண்ணிறத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சை. அதை இயக்கியில் போடாதீர்கள். படிக்கும் முனை அழுக்காகி, அடுத்து வரும் நல்ல தட்டையும் அது சுரண்டிவிடும். நல்ல நிலையில் உள்ளவற்றை கிரீஸ்வீசில் போன்ற கருவியால் படியெடுக்கலாம். கோப்புகளை மட்டும் எடுக்காமல் தட்டிலுள்ள காந்த மாற்றங்களையே அது அப்படியே பதிவு செய்வதால், எந்தக் கணினியின் தட்டு என்று தெரியாவிட்டாலும் பிறகு ஆராய முடியும். நீங்கள் சால்டரிங் வேலைக்கு அழைக்கும் அதே இளைஞர் இதையும் கற்றுக்கொள்வார். கையேடுகளைக் கழிக்கும் முன் பிட்சேவர்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இரண்டு இணையக் காப்பகங்களிலும் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாததாக இருந்தால் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குகளில் பிறருடைய கடிதங்கள், சம்பளப் பட்டியல், நோயாளிகளின் விவரங்கள்கூட இருக்கலாம். அலுவலகங்களிலிருந்து வாங்கிய இயந்திரங்கள் என்றால் அநேகமாக இருக்கும். அவற்றைப் பார்க்காமல் கைமாற்றாதீர்கள். நிரல்களைப் படியெடுத்துக்கொண்டு, தனிப்பட்டவர்களின் விவரங்களை அழித்துவிடுங்கள். அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் அந்த ஐபிஎம் பிசியை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே அவர்கள் விதிப்படி கையாளுவார்கள்.

வருந்துவீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், ஒன்றிரண்டுக்காக நிச்சயம் வருந்துவீர்கள். தேடி அலைந்து கண்டுபிடித்ததும், சேற்றிலிருந்து மீட்டுக் கொண்டுவந்ததும் மனத்தை விட்டு எளிதில் போகாது. அதற்காகவே கொடுப்பதை ஒரே மூச்சில் செய்யாமல், மாதம் ஒரு பகுதியாகச் செய்யச் சொல்கிறேன். முதலில் உங்களுக்குப் பற்றுக் குறைவாக உள்ளவற்றைக் கொடுங்கள். கொடுத்த பிறகு சில வாரங்கள் உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரவில் தூக்கம் கெடுகிறது என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அந்த முதல் தவணைக்குப் பிறகு, மீதமுள்ள இயந்திரங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் திறந்து பார்க்கும் ஆசை வருவதை நான் பார்த்திருக்கிறேன். 180 இயந்திரங்கள் இருக்கும்போது எதையும் தொடத் தோன்றாது.

உங்கள் மனைவி எதுவும் சொல்வதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இரண்டு அறைகளை இத்தனை ஆண்டுகள் விட்டுக்கொடுத்தவர் அவர். புது வீட்டில் எந்தச் சுவர் உங்களுக்கு என்பதை அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் இடத்தை அளந்துகொண்டு, அதற்குள் தேர்வு செய்யுங்கள். மகனிடம் 'இதெல்லாம் உனக்கு வேண்டுமா?' என்று கேட்டிருப்பீர்கள். 180 கணினிகளைக் காட்டி அப்படிக் கேட்டால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சிறு வயதில் அவர் விளையாடியது எது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒன்றை அவர் விரும்பக்கூடும்.

கடைசியில் ஒரு குவியல் மிஞ்சும். பாதி பாகங்கள் இல்லாதவை, பேட்டரி தின்றுவிட்ட பலகைகள், யாருக்கும் வேண்டாத பொதுவான 1990களின் பிசிகள், பல மானிட்டர்கள். இவற்றைக் கழிப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். சாக்கெட்டில் இருக்கும் சிப்புகள், விசை மூடிகள், நல்ல இயக்கிகள், கணினிக்குள் செருகும் விரிவாக்க அட்டைகள் ஆகியவற்றை எடுத்துப் பெயர் எழுதிப் பழுது பார்ப்பவர்களுக்குக் கொடுங்கள். நிரல் நிரந்தரமாகப் பதிந்த ரோம் சிப்புகளில் அறியாத எதாவது இருந்தால் படியெடுத்துக்கொள்ளுங்கள். படக்குழாய் மானிட்டர்களை மட்டும் நீங்களோ வீட்டாரோ பிரிக்க வேண்டாம். மின்சாரத்திலிருந்து கழற்றிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அது உடைந்தால் குழாய் உள்வெடித்துச் சிதறக்கூடும். மின்கழிவை முறையாகக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் முழுதாகவே கொடுங்கள். வியாபாரியை அழைப்பது என்றால் இந்தக் கட்டத்தில், இந்தக் குவியலுக்கு மட்டும் அழையுங்கள். மானிட்டர்களைச் சேர்த்து எடுத்துக்கொள்வாரா, எடுத்தால் எங்கே கொடுப்பார் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.